பந்தை நீங்களே வெச்சுக்குங்க... அடுத்த வருஷம் வர்றோம்!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இது ரொம்பச் சின்ன ஃபார்முலா.

சி6 ஹெச்0.

'பென்ஸீன்னா சி6 ஹெச்6 ஆச்சே... ஹைட்ரஜனை எவன் திருடினான்?' என்று கேட்கிறீர்களா? உங்க வாத்தியார் இதைக் கேட்டால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். ஆனால், இது கெமிஸ்ட்ரியே இல்லை ஸார். ஒரு ஊரே சேர்ந்து சுவரில் கிறுக்கி வைத்த ஸ்கோர்!

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1819-ல் ஆரம்பித்த 'சென்டர் காலேஜ்' இருக்கிறது. அந்தக் காலேஜின் பழைய கட்டடம் ஒன்றின் சுவரில், நூறு வருஷத்துக்கு மேலாக இந்த எழுத்துக்களை அழியவிடாமல் காப்பாற்றி வருகிறார்கள். 'சி' என்றால் சென்டர். 'ஹெச்' என்றால் ஹார்வர்டு.

ஆமாம்... அதே ஹார்வர்டுதான். ஜனாதிபதிகளை உற்பத்தி செய்யும் ஃபாக்டரி! அந்த ஜாம்பவானை, மொத்தமாக எண்ணினாலும் முந்நூறு பேர் தேறாத ஒரு காலேஜ் 1921 அக்டோபர் 29-ம் தேதி ஃபுட்பாலில் மண்ணைக் கவ்வ வைத்தது. அந்த ஒரு சீசனின் கதைதான் இது.

இது ஏதோ 'கடவுள் புண்ணியத்துல ஜெயிச்சாங்க' டைப் கதை என்று நினைத்து விடாதீர்கள். கடவுளும் வருகிறார். ஆனால், அவருக்கு முன்னால் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன.

காலால் ஆடாத ஃபுட்பால்

முதலில் ஒரு எச்சரிக்கை. ஃபுட்பால் என்றதும் பீலே, மரடோனா என்று கற்பனைக் குதிரையைத் தட்டி விடாதீர்கள். இது அமெரிக்க ஃபுட்பால். பெயரில்தான் 'ஃபுட்'. ஆட்டம் முக்கால்வாசி கையில்!

பந்து உருண்டையாக இருக்காது. உரித்த தேங்காயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாற்போல் இருக்கும். டீமுக்குப் பதினோரு பேர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். எதிராளிகள் சும்மா இருப்பார்களா? கபடியில் பாடிக்கொண்டு வந்தவனை அமுக்குகிற மாதிரி, நாலைந்து பேர் மேலே விழுந்து அமுக்கி விடுவார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜமாவது முன்னேறினால், மறுபடி நாலு சான்ஸ். இல்லாவிட்டால், பந்து எதிராளிக்கு.

கோட்டைத் தாண்டி விட்டால் 'டச்டவுன்'. 6 பாயின்ட். அதற்கப்புறம் கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் இன்னும் ஒரு பாயின்ட், போனஸ்.

இதில் இன்னொரு விஷயம். இப்போது மாதிரி தாக்குவதற்கு ஒரு கோஷ்டி, தடுப்பதற்கு ஒரு கோஷ்டி என்றெல்லாம் அப்போது கிடையாது. பெரும்பாலும் அதே பதினோரு பேர்தான் முட்டவும் வேண்டும், முட்டு வாங்கவும் வேண்டும். தலையில் தோல் தொப்பி. அதுகூட கட்டாயமில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் ஹெல்மெட் கட்டாயமானது 1939-ல்தான். டூவீலர் ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்க் மேல் வைத்து ஓட்டுகிற நம்ம ஆட்களுக்கு இது புதிதாகத் தோன்றாது!

தன்னால் முடியாது என்று சொன்ன பாஸ்

இந்தக் கதை டான்வில்லில் ஆரம்பிக்கவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் என்ற ஊரின் 'நார்த் ஸைடு' உயர்நிலைப் பள்ளியில் ஆரம்பிக்கிறது.

அங்கே ராபர்ட் மையர்ஸ் என்று ஒரு கோச். எல்லோரும் கூப்பிடுவது 'சீஃப்'. இவர் சென்டர் காலேஜின் பழைய மாணவர். அவரிடம் ஒரு அருமையான பையன்கள் செட் வந்து மாட்டியது. போ மெக்மிலின், 'ரெட்' வீவர் என்று ஒவ்வொருத்தனும் ஒரு சூரப்புலி. 'இந்தப் பசங்க அத்தனை பேரும் ஸ்கூல் முடிச்சு நம்ம காலேஜுக்கு வந்து ஒண்ணா ஆடினா எப்படி இருக்கும்?' என்பதுதான் மையர்ஸின் கனவு.

கனவுக்கு ஒரு சின்ன இடைஞ்சல். மெக்மிலினுக்கும் வீவருக்கும் காலேஜில் சேரத் தேவையான ஸ்கூல் படிப்பே பாக்கி இருந்தது! பந்தைப் பார்த்தால் புலி. புத்தகத்தைப் பார்த்தால் பூனை. சரி என்று இரண்டு பேரையும் கென்டக்கியில் ஸோமர்செட் என்ற ஊரின் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பாக்கிப் பாடத்தை முடிக்கப் போன இடத்தில் ஒரு போனஸ் கிடைத்தது. உள்ளூர்ப் பையன் ஒருவன். ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு, செம்பட்டை முடி. பெயர் 'ரெட்' ராபர்ட்ஸ். பின்னாளில் ஹெல்மெட் போடாமல், தலையில் ஒரு வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கி, எதிராளிகளின் வயிற்றைக் கலக்கிய மனுஷன் இவர்தான். சண்டைக் காட்சியில் ஹீரோ கர்ச்சீப்பை நெற்றியில் கட்டுகிறாரே... அதற்கெல்லாம் சீனியர்!

1917-ல் மையர்ஸ் சென்டருக்குக் கோச்சாக வந்தார். பையன்களும் வந்தார்கள். இனி 'கனவு நனவாயிற்று, சுபம்' என்று போட்டு விடலாம்தானே?

இங்கேதான் மையர்ஸ் ஒரு காரியம் செய்தார். இவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார். 'இவ்வளவு பெரிய திறமைக்கு நான் பத்த மாட்டேன். இன்னும் பெரிய ஆள் வேண்டும்' என்று முடிவு செய்தார். கோச் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து, சார்லி மோரான் என்பவரை அதில் உட்கார வைத்தார். தான் நிர்வாக வேலையைப் பார்த்துக் கொண்டார்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த டீம். அது ஜெயிக்கப் போகிற நேரத்தில், 'இது என் லெவலுக்கு மேலே. அவர் வரட்டும்' என்று ஒதுங்குகிற பாஸை நீங்கள் எந்த ஆபீஸில் பார்த்திருக்கிறீர்கள்? நம்ம ஊரில் செக்ஷன் ஆபீஸர் லீவில் போனாலே மேஜை டிராயர் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்!

ஹார்வர்டு தோற்றது 1921-ல். ஆனால், அதற்கு முதல் கல் 1917-ல் இந்த மனுஷன் எடுத்து வைத்தது.

அம்பயர் கோச், ஜெபம் செய்யும் கர்னல்கள்

சார்லி மோரான் ஒரு விசித்திரமான ஆசாமி. முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர். கோடைக்காலம் முழுக்க அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டிகளில் அம்பயர் வேலை. அதை 1939 வரை விடவில்லை. பேஸ்பால் சீசன் முடிந்ததும், சட்டையை மாற்றிக்கொண்டு ஃபுட்பால் கோச். இதற்கு முன்னால் 1909 முதல் 1914 வரை டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் காலேஜுக்குக் கோச்சாக இருந்தவர். இந்தக் காலேஜ் பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசி ரீலில் வருகிறது.

சென்டர் டீமுக்கு 'கர்னல்கள்' என்று பெயர். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒன்றாக மண்டியிட்டு ஜெபம் செய்வது வழக்கமாயிற்று. விடுவார்களா பத்திரிகைக்காரர்கள்? 'ஜெபம் செய்யும் கர்னல்கள்' என்று பட்டம் கட்டி விட்டார்கள். ஐந்து நிமிஷம் முன்பு கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்த அதே ஆள், விஸில் ஊதியதும் உங்கள் விலா எலும்பை எண்ணிப் பார்க்க ஓடி வந்தால் எப்படி இருக்கும்!

1919-ல் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் ஜெயம். அந்த வருஷம் பிரின்ஸ்டன் டீமை நொறுக்கிவிட்டு வந்த வெஸ்ட் வர்ஜீனியாவை, சென்டர் 14-6 என்று கவிழ்த்தது. அப்போதுதான் கிழக்குக் கடற்கரைப் பெரிய மனுஷர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேப்பில் கென்டக்கியைத் தேட ஆரம்பித்தார்கள். வால்ட்டர் கேம்ப் என்று ஒரு பெரியவர்... அமெரிக்க ஃபுட்பாலின் தந்தை என்றே சொல்வார்கள். அவர் வருஷா வருஷம் நாட்டின் சிறந்த பதினோரு பேரைப் பொறுக்கி எடுத்து வெளியிடுவார். 1919-ம் வருஷப் பட்டியலில் சென்டரிலிருந்து இரண்டு பேர்: மெக்மிலின், வீவர். ஸ்கூல் பாடம் பாக்கி வைத்த அதே ஜோடி!

அடுத்த வருஷம் ஹார்வர்டிடமிருந்தே அழைப்பு வந்தது.

வாங்காத பந்து

1920 அக்டோபர் 23. பாஸ்டன் நகரத்தில் இருக்கும் ஹார்வர்டு ஸ்டேடியம். குதிரை லாட வடிவத்தில் எழுந்து நிற்கும் கான்க்ரீட் பூதம். டான்வில் பையன்களில் பலர், இத்தனை ஜனத்தை ஒரே இடத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். அப்போது டான்வில்லின் மொத்த ஜனத்தொகையே சுமார் ஐந்தாயிரம்தான்.

பயந்தார்களா? பாதி ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 14-14!

ஹார்வர்டு ரசிகர்கள் வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்து போனார்கள். ஆனால், பெரிய டீமுக்கும் சின்ன டீமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெரிய டீமின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் பெரிய ஆட்டக்காரர்கள். களைத்தவனை உட்கார வைத்துவிட்டுப் புது ஆளை இறக்கலாம். சின்ன டீமில் களைத்தவனே மறுபடி ஓட வேண்டும். இரண்டாவது பாதியில் சென்டரால் ஒரு பாயின்ட்கூட எடுக்க முடியவில்லை. முடிவு, ஹார்வர்டு 31, சென்டர் 14.

ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு கேப்டன் ஒரு பெருந்தன்மையான காரியம் செய்தார். ஜெயித்த டீமுக்குப் போக வேண்டிய அந்த ஆட்டத்தின் பந்தை மெக்மிலினிடம் நீட்டினார். 'நன்றாக ஆடினீர்கள், நினைவாக வைத்துக் கொள்ளுங்கள்' என்கிற அர்த்தத்தில்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'ஹார்வர்டுகூட 14 பாயின்ட் எடுத்தோம்ல' என்று பேரன் காலம் வரை பேசியிருப்போம்.

மெக்மிலின் வாங்கவில்லை. மரியாதையாகவே மறுத்தார். அடுத்த வருஷம் திரும்ப வந்து, ஜெயித்து, பந்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

தோற்ற அன்றைக்கு இப்படிப் பேசுவது சுலபம். ஆத்திரத்தில் நாமும் எவ்வளவோ பேசியிருக்கிறோம். 'அடுத்த வருஷம் இந்தக் கம்பெனியில நான் இருக்க மாட்டேன்' என்று சொல்லி இருபது வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் உண்டு. சொன்ன தேதிக்குச் சொன்ன இடத்தில் போய் நிற்பதுதான் கஷ்டம்.

1921: ஒரு சீசன்

1921 சீசன் ஆரம்பித்தது. கிளெம்ஸன்: 14-0. வர்ஜீனியா பாலிடெக்னிக்: 14-0. ஸெயின்ட் ஸேவியர்: 28-6.

ஸேவியர் எடுத்த அந்த 6 பாயின்ட்டைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

அடுத்தது டிரான்ஸில்வேனியா. ரத்தம் குடிக்கும் டிராகுலாவின் ஊர் இல்லை. கென்டக்கியிலேயே லெக்ஸிங்டனில் இருக்கிற காலேஜ். ரத்தம் குடித்தவர்கள் கர்னல்கள்தான். 98-0!

இந்த நாலு ஆட்டமும் ஒத்திகை மாதிரி. ஊரில் எல்லோருடைய கண்ணும் காலண்டரில் ஒரே தேதி மேல்தான் இருந்தது.

ஹார்வர்டு பக்கம் நிலவரம் என்ன?  1919, 1920 இரண்டு சீசனிலும் யாரிடமும் தோற்கவில்லை.  1920 புத்தாண்டு அன்று கலிஃபோர்னியா போய் 'ரோஸ் பவுல்' போட்டியில் ஆரெகனையும் ஜெயித்து வந்தாயிற்று. ஆனால், சென்டர் ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை பென் ஸ்டேட்டோடு மோதி 21-21 என்று டிராதான் செய்ய முடிந்தது. பூதம் கொஞ்சம் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தது என்றும் சொல்லலாம்.

1921 அக்டோபர் 29. நாற்பதாயிரத்துக்கும் மேலான கூட்டம். டான்வில் மாதிரி எட்டு ஊரை அப்படியே தூக்கி வந்து உட்கார வைத்தது போல! ஆனால், இந்த முறை சென்டர் தனியாக இல்லை. ஹார்வர்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற எம்.ஐ.டி. மாணவர்கள் சென்டருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். காரணம் எளிது. ஹார்வர்டின் பெருமையைத் தினமும் கேட்டுக் காது புளித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தானே!

முதல் பாதி 0-0. முட்டுகிறார்கள், மோதுகிறார்கள், விழுகிறார்கள். கோட்டை யாரும் தாண்டவில்லை.

போன வருஷம் இதே நேரத்துக்கு அப்புறம்தான் சென்டர் துவண்டு போனது. நாற்பதாயிரம் பேருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும்.

மூன்றாவது கால் பகுதி ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஹார்வர்டுக்குக் கிடைத்த ஒரு அபராதத்தால் சென்டருக்கு நல்ல இடம் கிடைத்தது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் 32 கஜம். பந்து மெக்மிலின் கையில்.

வலது பக்கம் ஓடினார். ஹார்வர்டு படையும் அந்தப் பக்கமே பாய்ந்தது. வேகத்தில் எல்லோரும் அங்கே குவிந்த நேரத்தில், மனுஷன் சட்டென்று திசையை மாற்றி இடது பக்கம் வெட்டினார். டவுன் பஸ் வருகிறதென்று எல்லோரும் முன்வாசலில் முண்டியடிக்கும்போது, பின்வாசலில் ஏறி ஸீட் பிடிக்கிறானே ஒரு கில்லாடி... அந்த டெக்னிக்! திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் கோட்டைத் தாண்டியாயிற்று.

சென்டர் 6, ஹார்வர்டு 0.

அதற்கப்புறம் போனஸ் பாயின்ட்டுக்கான உதை. அது தவறிவிட்டது! டான்வில் ஜனங்கள் தலையில் கை வைத்திருப்பார்கள். ஆனால் ஸார், அந்த உதை மட்டும் சரியாகப் போயிருந்தால் ஸ்கோர் 7 ஆகியிருக்கும். 'சி7 ஹெச்0' என்று எழுதினால் கெமிஸ்ட்ரி வாத்தியார்கூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். சில தப்புகள் சரித்திரத்துக்கு நல்லது!

மிச்ச நேரம் முழுக்க ஹார்வர்டு அலை அலையாக வந்தது. புதுப் புது ஆட்களாக இறக்கிப் பார்த்தது. ராபர்ட்ஸும் கோஷ்டியும் சுவராக நின்றார்கள். போன வருஷம் இரண்டாவது பாதியில் 17 பாயின்ட் அள்ளிய அதே ஹார்வர்டால், இந்த வருஷம் ஒரு பாயின்ட்கூட எடுக்க முடியவில்லை.

விஸில்!

எம்.ஐ.டி. பையன்கள் களத்துக்குள் குதித்து, கோல் கம்பங்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெயித்தது கென்டக்கிக்காரன், கம்பத்தைத் தூக்கியது பக்கத்து வீட்டுக்காரன். கென்டக்கி கவர்னர் எட்வின் மாரோ, இந்த நேரத்தில் கவர்னராக இருப்பதைவிட போ மெக்மிலினாக இருக்கவே ஆசைப்படுவதாகச் சொன்னார். அரசியல்வாதி ஒருவர் பதவியை வேண்டாம் என்று சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம்!

பந்து? இந்த முறை அது யாருடைய பெருந்தன்மையும் இல்லாமல் சென்டருக்கு வந்தது.

ஊரில் வெற்றுச் சுவர் ஒன்று விடவில்லை. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, கண்ட இடத்தில் எல்லாம் 'சி6 ஹெச்0' என்று எழுதித் தீர்த்தார்கள். எலெக்ஷன் சமயத்தில் நம்ம ஊர்ச் சுவர் படும் பாட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.

மலை உச்சிக்கு அப்புறம்

சினிமாவாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டிருப்பார்கள். சீசன் அப்படியெல்லாம் முடியாது. அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கும்.

கென்டக்கி யூனிவர்ஸிட்டி: 55-0. ஆபர்ன்: 21-0. வாஷிங்டன் அண்ட் லீ: 25-0. துலேன்: 21-0. ஒன்பது ஆட்டங்களில் சென்டர் குவித்தது 282 பாயின்ட். எதிராளிகள் அத்தனை பேரும் சேர்ந்து எடுத்தது எவ்வளவு தெரியுமா? வெறும் 6. குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே... ஸேவியர் எடுத்த அந்த ஆறு மட்டும்தான்!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கலிஃபோர்னியாவில் ஸான் டியாகோ நகரில் அரிஸோனாவோடு ஒரு விசேஷ ஆட்டம். 38-0. பத்துக்குப் பத்து.

கடைசி ஆட்டம் 1922 ஜனவரி 2. இடம், டெக்ஸாஸின் டாலஸ். மெக்மிலினின் ஃபோர்ட் வொர்த்துக்குப் பக்கத்து ஊர்தான். எதிராளி, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம். சார்லி மோரான் ஒரு காலத்தில் வளர்த்து விட்ட அதே காலேஜ்! அதன் கோச் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள். டானா பைபிள். ஆமாம், ஜெபம் செய்யும் கர்னல்களுக்கு எதிரே பைபிள்!

இது போதாதென்று அன்றைக்கு இன்னொரு சமாச்சாரம். மெக்மிலினுக்கு அன்று காலையில்தான் கல்யாணம்! தாலி கட்டின கையோடு கபடி ஆடப் போகிற மாப்பிள்ளையை நம்ம ஊரில் மாமனார் சும்மா விடுவாரா?

ஆட்டத்தில் ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருத்தராக அடிபட்டு வெளியேறினார்கள். மாற்று ஆள் தீர்ந்து விடுமோ என்று பைபிளுக்குப் பயம். மேலே பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து, ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக் கொண்டிருந்தான் கிங் கில் என்ற மாணவன். ஃபுட்பாலை விட்டு பேஸ்கட்பாலுக்குப் போய்விட்ட பையன். அவனைக் கீழே கூப்பிட்டு, அடிபட்ட ஒருவரின் உடுப்பைப் போட்டு ஓரத்தில் நிற்க வைத்தார்கள். கடைசி வரை அவன் நின்றான்; களத்தில் இறங்கத் தேவையே வரவில்லை. ஏ அண்ட் எம் 22, சென்டர் 14. 'பன்னிரண்டாவது ஆள்' என்று அவன் பெயர் சரித்திரமாகி விட்டது. அந்தக் காலேஜ் மாணவர்கள் இன்றைக்கும் ஆட்டம் முழுக்க உட்காராமல் நின்றே பார்க்கிறார்கள், 'கூப்பிட்டால் நாங்களும் ரெடி' என்று காட்ட.

ஆக, பத்து ஜெயம், ஒரு தோல்வி. தோற்ற ஆட்டத்தில்கூட அடுத்தவன் வீட்டு விசேஷத்துக்குக் காரணமாக இருந்துவிட்டு வந்தார்கள் கர்னல்கள்!

யார் ஜெயித்தது?

1950-ல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் கருத்துக் கேட்டபோது, அரை நூற்றாண்டில் ஃபுட்பாலில் நடந்த மிகப் பெரிய அதிர்ச்சி முடிவு என்று இந்த 6-0 தான் தேர்வாயிற்று. 'தாவீது கோலியாத்தை அடித்தான்' என்று எழுதுவது எல்லோருக்கும் சுலபம். ஆனால், தாவீதின் கையில் கவண் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது.

டெக்ஸாஸிலிருந்து பொறுக்கி எடுத்து வந்த பையன்கள். நாலைந்து வருஷம் ஒன்றாக ஆடிப் பழகிய பழக்கம். இன்னும் கெட்டிக்காரனுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்த ஒரு கோச். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதே களத்தில், அதே கூட்டத்தின் முன்னால் வாங்கிய ஒரு தோல்வி. இதில் எதை எடுத்துவிட்டாலும் 32 கஜ ஓட்டம் இல்லை. முந்நூறு பேருக்குக் குறைவான காலேஜ் என்பது உண்மை. ஆனால், குருட்டு அதிர்ஷ்டம் அடித்த காலேஜ் என்று சொல்ல முடியாது.

மெக்மிலினும் அந்த ஒரு ஓட்டத்தோடு காணாமல் போகவில்லை. அடுத்த வருஷமே கோச்சாகி விட்டார். 1926-ல் ஜெனிவா காலேஜ் என்று பென்ஸில்வேனியாவில் இன்னொரு சின்னக் காலேஜின் டீமை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய இடத்துக்குப் போனார். எந்த இடம் என்று சொல்ல வேண்டுமா? ஹார்வர்டு ஸ்டேடியம். ஸ்கோர்: ஜெனிவா 16, ஹார்வர்டு 7. ஐந்து வருஷத்தில் இரண்டாவது தடவை அதே ஆசாமி! ஹார்வர்டு வாட்ச்மேன் அதற்கப்புறம் இவர் போட்டோவை கேட்டில் ஒட்டி வைத்திருந்தாலும் தப்பில்லை. 1945-ல் இண்டியானா யூனிவர்ஸிட்டிக்கு அதன் முதல் 'பிக் டென்' சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்தார். 1952-ல் காலமானார்.

சென்டர் காலேஜ் இன்றைக்கும் சின்னக் காலேஜ்தான். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்காத மூன்றாவது டிவிஷனில் ஆடுகிறது. ஹார்வர்டோடு மோதுகிற பேச்சே இல்லை. ஆனால், சுவரில் பெயிண்ட் மங்கினால் மட்டும் யாராவது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து விடுகிறார்கள்.

எனவே பிரதர்... ப்ரமோஷன் லிஸ்ட்டில் உங்கள் பெயர் விட்டுப்போய், 'பரவாயில்லப்பா, நல்லா ட்ரை பண்ணே' என்று மேனேஜர் தோளில் தட்டி ஒரு பேனா ஸெட்டை நீட்டினால், மெக்மிலினை நினைத்துக் கொள்ளுங்கள். 'இருக்கட்டும் ஸார், அடுத்த வருஷம் வாங்கிக்கறேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் மறக்காமல் போக வேண்டும். அதுதான் கண்டிஷன்!